மோர்கம் போகும் ரயில்: எரிக்குக்காக ஆறு நாள்

முதல் நாள் – லீட்ஸ்

மே மாதக் கடைசி வாரம் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை. மனைவிக்கு ஆஸ்பத்திரியில் லீவு கிடைக்கவில்லை, அதனால் நானும் பத்து வயது மகளும் மட்டும் கிளம்பியிருக்கிறோம். எரிக் மோர்கம் வாழ்ந்த இடங்களைப் பார்க்கப் போகிறோம் என்று சொன்னால் பிரிட்டனில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு உடனே முகம் மலர்ந்துவிடுகிறது. நம் ஆட்கள்தான் யார் அது என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகவே தினமும் ராத்திரி கொஞ்சம் எழுதிப் போடலாம் என்று இருக்கிறேன்.

எரிக் மோர்கம் 1926-ல் பிறந்து 1984-ல் இறந்த சிரிப்பு நடிகர். எர்னி வைஸ் என்ற கூட்டாளியோடு முதலில் மேடையில், பிறகு தொலைக்காட்சியில், நாற்பது வருடத்துக்கு மேல் ஜோடியாக ஆடியவர். எரிக் உயரம், கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடி. எர்னி குள்ளம், தன்னைப் பெரிய நாடகாசிரியராக நினைத்துக்கொள்ளும் பாத்திரம். கிறிஸ்துமஸ் ராத்திரி இவர்கள் நிகழ்ச்சி என்றால் நாடே பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிடும். 1977 கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியை 2 கோடியே 80 லட்சம் பேருக்கு மேல் பார்த்ததாக பிபிசி கணக்குச் சொன்னது. இன்னொரு கணக்குப்படி 2 கோடியே 13 லட்சம். சின்னக் கணக்கையே எடுத்துக்கொண்டாலும், ஐந்தரைக் கோடிச் சொச்சம் பேர் இருந்த நாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்.

எனக்கு இவர் அறிமுகமானது 2009 டிசம்பரில். படிக்க வந்த முதல் வருடம், லீட்ஸில் வயதான ஒரு அம்மாவின் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். கிறிஸ்துமஸ் அன்று பஸ் கிடையாது, ரயில் கிடையாது, கடை கிடையாது, வெளியே பனி. சாயங்காலம் அந்த அம்மா கீழே கூப்பிட்டு உட்கார வைத்து ஒரு பழைய வீடியோ கேசட்டைப் போட்டார். 1971 கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி. ஆந்த்ரே ப்ரெவின் என்ற உண்மையான, பெரிய இசை நடத்துநர், எதிரே முழு ஆர்கெஸ்ட்ரா, கிரீக் எழுதிய பியானோ கான்செர்ட்டோவை வாசிக்க எரிக் வந்து உட்காருகிறார். எனக்குச் சிரிப்பே வரவில்லை. அம்மா கேசட்டை நிறுத்தி நிறுத்தி விளக்கினார். விளக்கினால் அதில் ஒன்றுமே இல்லை: எரிக் கன்னாபின்னாவென்று வாசிக்கிறார், ப்ரெவின் 'நீங்கள் வாசிப்பது எல்லாமே தப்பு' என்கிறார். எரிக் எழுந்து வருகிறார், ப்ரெவின் சட்டைக் காலரைப் பிடிக்கிறார், முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு நிதானமாகச் சொல்கிறார், நான் வாசித்ததெல்லாம் சரியான ஸ்வரங்கள்தான், ஆனால் சரியான வரிசையில்தான் வர வேண்டும் என்பதில்லை.

அவ்வளவுதான் ஜோக். மூன்றாவது தடவை போட்டபோதுதான் எனக்குப் பிடிபட்டது, சிரிப்பு அந்த வாக்கியத்தில் இல்லை, எழுந்து வருவதற்கும் வாயைத் திறப்பதற்கும் நடுவில் அவர் எடுத்துக்கொள்ளும் அந்த நேரத்தில் இருக்கிறது. இன்னும் அரை விநாடி சேர்ந்திருந்தால் போச்சு, குறைந்திருந்தாலும் போச்சு. இதில் இன்னொன்று, ப்ரெவினுக்கு ஒத்திகைக்கே சரியாக நேரம் கிடைக்கவில்லை. தன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அமெரிக்கா போய்விட்டு விமான நிலையத்திலிருந்து வரும் காரிலேயே வசனத்தை நெட்டுருப் போட்டார். எரிக் ரொம்பவே பயந்து போயிருந்தாராம். மேடையில் ப்ரெவின் தன் முதல் சிரிப்பை வாங்கியதும் எரிக் முகத்தில் ஒரு சந்தோஷம் பரவும் பாருங்கள், அது நடிப்பே இல்லை. இனிமேல் கவலையில்லை என்று ஒரு தொழிலாளிக்கு வரும் நிம்மதி அது.

சரி, இன்றைய கதைக்கு வருகிறேன். லீட்ஸ் பக்கத்தில் பேட்லி என்று பழைய கம்பளி மில் ஊர். அங்கே 1967-ல் திறந்த பேட்லி வெரைட்டி கிளப்பில் லூயி ஆர்ம்ஸ்ட்ராங் வரை வந்து வாசித்துவிட்டுப் போயிருக்கிறார். 1978-ல் மூடிவிட்டார்கள். அந்தக் கட்டிடத்தில் இப்போது உடற்பயிற்சிக் கூடம். 1968 நவம்பரில் இங்கே காட்சி முடித்து நடுராத்திரிக்கு மேல் ஓட்டலுக்குக் கார் ஓட்டிப் போகும்போதுதான் எரிக்குக்கு முதல் மாரடைப்பு. வயது 42. கையிலிருந்து நெஞ்சுக்கு வலி ஏறுகிறது, தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை, தனியாக நடந்து போகிற ஒருவரை நிறுத்தி, கார் ஓட்டத் தெரியுமா என்று கேட்கிறார். ராணுவத் துணைப்படையில் டாங்கி ஓட்டிப் பழக்கம் உண்டு என்கிறார் அவர். அவர்தான் அந்தப் பெரிய காரைத் தட்டுத் தடுமாறி ஓட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். சேர்த்துவிட்டு, ஸ்ட்ரெச்சரில் கிடக்கிறவர் காதில், நண்பர்கள் நம்பமாட்டார்கள், போவதற்கு முன்னால் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள் என்று கேட்டாராம்.

இதைப் பிறகு எரிக்கே தொலைக்காட்சிப் பேட்டியில் சொல்லி அரங்கத்தை அதிர வைத்தார். நானும் எத்தனையோ முறை பார்த்துச் சிரித்திருக்கிறேன். இன்று அந்த ஜிம் வாசலில் நின்றபோது அந்த ராத்திரியும் அவர் பயமும்தான் நினைவுக்கு வந்தது. வலியில் துடித்ததையும் வாக்கியம் வாக்கியமாகச் செதுக்கி, எங்கே நிறுத்த வேண்டும் என்று பார்த்துப் பார்த்து, நாலு பேர் சிரிக்கும்படி ஆக்கிக் கொடுத்திருக்கிறார்.

அங்கிருந்து மோர்லி போய் எர்னி வைஸ் சிலையைப் பார்த்தோம். கடைத்தெருவில் நிற்கிறது, 2010-ல் அவர் மனைவி டோரீன் திறந்து வைத்தார். எர்னி இந்தப் பக்கத்துப் பையன், அப்பா ரயில்வேத் தொழிலாளி, சின்ன வயதிலேயே அப்பாவோடு கிளப் கிளப்பாகப் போய்ப் பாடி ஆடிச் சம்பாதித்தவர். "இவரும் சிரிக்க வைப்பவரா அப்பா?" என்று கேட்டாள் மகள். இவர்தான் பந்தை எடுத்துக் கொடுப்பவர், எரிக் அடிப்பவர் என்றேன். எடுத்துக் கொடுக்கிறவருக்கு எப்போதும் பெயர் குறைவு. எர்னி இல்லாமல் எரிக்கின் பாதி ஜோக் நிற்காது என்பது என் உறுதியான கட்சி.

இரண்டாம் நாள் – மோர்கம்

லீட்ஸிலிருந்து மோர்கமுக்கு நேர் ரயில் இருக்கிறது. ஸ்கிப்டன் தாண்டியதும் கல் சுவர்களும் ஆடுகளும்தான், சுமார் இரண்டு மணி நேரம். ஆங்கிலத்தில் எழுதும்போது ஊர்ப் பெயரின் கடைசி எழுத்துக்கு முன்னால் ஒரு 'பி' இருக்கும், உச்சரிக்கக் கூடாது.

எரிக்கின் சொந்தப் பெயர் ஜான் எரிக் பார்தலோமியூ. 'பார்தலோமியூ அண்ட் வைஸ்' வாயில் நுழையவில்லை என்று யோசித்தபோது, ஊர்ப் பெயரையே வைத்துக்கொள்ளேன் என்று யோசனை வந்தது. ஊர்ப் பெயரைத் தன் பெயரோடு ஒட்டிக்கொள்வது நமக்குப் பழகியதுதான். எர்னியும் அப்படியே செய்தால் 'மோர்கம் அண்ட் லீட்ஸ்' என்றாகிவிடும், ரிட்டர்ன் டிக்கெட் மாதிரி இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். இன்று என் பையில் அதே டிக்கெட்.

மோர்கம் ஒரு காலத்தில் மில் தொழிலாளிகளின் கடற்கரை. வருடத்துக்கு ஒரு வாரம் ஆலையை மூடுவார்கள், ஊரே மூட்டை கட்டிக்கொண்டு இங்கே வரும். பிறகு ஸ்பெயினுக்கு விமானம் மலிவானது, இந்த ஊர் காலியானது. எரிக் பிறந்தது பக்ஸ்டன் தெருவில், ஒட்டி ஒட்டிக் கட்டிய சின்ன வீடுகள் ஒன்றில். அதில் ஆட்கள் குடியிருப்பதால் நின்று பார்க்காமல் நடந்து போய்விட்டோம். அப்பா ஜார்ஜ் நகரசபைக் கூலித் தொழிலாளி, சாந்தமான மனிதர். அம்மா சேடிதான் எல்லாம். பையனுக்குப் படிப்பு ஏறவில்லை என்று தெரிந்ததும் நடன வகுப்பில் சேர்த்து, அந்தக் காசுக்காக வெளி வேலைக்குப் போனார். பையனுக்கோ நடன வகுப்பு வேப்பங்காய்.

சேடி தைத்துக் கொடுத்த முதல் வேஷத்தைப் பற்றி எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனசு இளகிவிடும். பெரியவர்கள் போடும் கறுப்புக் கோட்டைப் பையன் அளவுக்கு வெட்டிச் சின்னதாக்கி, பெரிய சேஃப்டி பின் ஒன்றைக் குத்தி, தலையில் ஒரு பெரே தொப்பி, நெற்றியில் சுருட்டை முடி, கையில் முகத்தளவு லாலிபாப். அந்தக் கோலத்தில் எனக்குக் கொஞ்சம் மூளை குறைவு என்று ஒரு பாட்டுப் பாட வேண்டும். பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பையனுக்கு அது எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும்! ஆனால் அந்த வேஷத்தில்தான் 1939-ல் ஒரு போட்டியில் ஜெயித்து, பரிசாக மான்செஸ்டரில் ஜாக் ஹில்டன் என்ற இசைக்குழுத் தலைவர் முன்னால் ஆடிக் காட்ட வாய்ப்புக் கிடைத்தது. அங்கே ஹில்டன் பக்கத்தில் ஏற்கெனவே பிரபலமான ஒரு பொடியன் உட்கார்ந்திருந்தான். அவன்தான் எர்னி.

இருவரும் ஒரே குழுவில் ஊர் ஊராகச் சுற்றினார்கள், கூடவே சேடி. ரயிலில் இரண்டு பேரும் ஓயாமல் வம்பளந்துகொண்டே வந்ததைத் தாங்கமுடியாமல், இந்த மூளையைச் சேர்ந்து ஒரு ஐட்டம் செய்யப் பயன்படுத்தக் கூடாதா என்று கேட்டவரும் சேடிதான். 1941-ல் லிவர்பூல் எம்பயரில் ஜோடியாக முதல் மேடை. அப்புறம் யுத்தம் பிரித்தது. எர்னி வணிகக் கப்பலுக்குப் போனார், எரிக்கை நிலக்கரிச் சுரங்கத்துக்கு அனுப்பினார்கள். பதினொரு மாதத்தில் இதயத்தில் கோளாறு என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இருபது வயதுகூட ஆகவில்லை அப்போது. யுத்தம் முடிந்து ஒரு சர்க்கஸ் குழுவில் தற்செயலாக மறுபடி சந்தித்தார்கள்.

கடற்கரை நடைபாதையில் சிலை. கிரஹாம் இபெஸன் செய்தது, 1999 ஜூலை 23 அன்று ராணியே வந்து திறந்தார். எர்னி அதைப் பார்க்கவில்லை, நாலு மாதம் முன்னால் மார்ச்சில் போய்விட்டார். ஒரு காலைத் தூக்கி, ஒரு கையைத் தலைக்குப் பின்னால் வைத்து, நிகழ்ச்சியின் கடைசியில் வரும் 'பிரிங் மீ சன்ஷைன்' பாட்டு முடிவில் இருவரும் துள்ளிக்கொண்டு போவார்களே, அந்த நிலை. கழுத்தில் பைனாகுலர் தொங்குகிறது. பின்னால் கடல், அதற்கும் பின்னால் லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகள். 2014-ல் ஒருவன் ரம்பம் கொண்டு வந்து இந்தக் காலை அறுக்கப் பார்த்தான், சரிசெய்து அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே மறுபடி நிறுத்திவிட்டார்கள். நாங்கள் நின்ற அரை மணி நேரத்தில் எத்தனையோ பேர் பக்கத்தில் வந்து காலைத் தூக்கிப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒரு தாத்தாவுக்கு முழங்கால் மடங்கவில்லை, பேத்தி பிடித்துக்கொள்ள எப்படியோ தூக்கிவிட்டார்.

டோனட் வாங்கிய காகிதப் பையில் மகளுக்கு எரிக்கின் வித்தையைச் சொல்லிக் கொடுத்தேன். பையின் வாயை ஒரு கையில் பிடிக்க வேண்டும், கட்டைவிரல் உள்ளே, நடுவிரல் வெளியே. இன்னொரு கையால் இல்லாத ஒரு கல்லை மேலே எறிய வேண்டும். கண் அந்தக் கல்லோடேயே மேலே போய்க் கீழே வர வேண்டும். கல் பையில் விழும்போது நடுவிரலைச் சொடுக்கினால் 'டப்' என்று சத்தம், பையும் குலுங்கும். செய்து காட்டினேன், உள்ளே எட்டிப் பார்த்தாள். அவள் செய்தபோது சத்தம் ரொம்பச் சீக்கிரம் வந்துவிட்டது, கல் இன்னும் வானத்தில் இருக்கிறது!

பக்கத்திலேயே விண்டர் கார்டன்ஸ் அரங்கம், 1897-ல் கட்டியது, 1977-ல் மூடியது, தன்னார்வலர்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுது பார்க்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்ததோடு சரி.

மூன்றாம் நாள் – லெய்டன் மாஸ்

வங்கி விடுமுறை என்பதால் கூட்டம். மோர்கமிலிருந்து லங்காஸ்டர் வந்து ரயில் மாறினால் சில்வர்டேல் என்று ஒரு குட்டி ஸ்டேஷன். அதை ஒட்டியே பறவைகள் சரணாலயம். அதன் உப்புச் சதுப்புப் பக்கத்தில் ஒரு குளத்துக்கும் பறவை பார்க்கும் மரக் குடிலுக்கும் எரிக் மோர்கம் பெயர். மாரடைப்புக்குப் பிறகு டாக்டர்கள் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். மீன் பிடித்தார், பறவை பார்த்தார். சிலையின் கழுத்தில் பைனாகுலர் இருப்பது அதனால்தான்.

குடிலுக்குள் யாரும் பேசவில்லை. பலகை ஜன்னலைத் தூக்கினால் சேற்றுத் திட்டுகள், ஆழமில்லாத தண்ணீர், பவளக்காலி ஒன்று ஓயாமல் கத்திக்கொண்டு. அப்புறம் அவோசெட். கறுப்பு வெள்ளை உடம்பு, மேல்நோக்கி வளைந்த ஊசி மூக்கு, அதை இடமும் வலமும் வீசித் தண்ணீரை அரித்துக்கொண்டே நடக்கிறது. பின்னால் பஞ்சு உருண்டை மாதிரி இரண்டு குஞ்சுகள், அதுகளுக்கும் மூக்கு இப்போதே லேசாக வளைந்திருக்கிறது! இந்தப் பறவை இங்கிலாந்தில் முட்டையிடுவதையே நிறுத்தி நூறு வருடம் ஆகி, 1947-ல்தான் கிழக்குக் கரைக்குத் திரும்பி வந்தது. மகள் ஒரு மணி நேரம் அசையவில்லை.

எந்நேரமும் எதையாவது சொல்லி யாரையாவது சிரிக்க வைத்துக்கொண்டே இருந்த மனிதர் எரிக், கடையில், ரயிலில், வீட்டில், எங்கும். கூட இருந்தவர்கள் எல்லாரும் சொல்வது அதுதான், அவரால் நிறுத்த முடியாது. அவருக்குப் பேசவே கூடாத இந்த இடம் எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் – பிளாக்பூல்

காலை உணவு இல்லாமல் பிளாக்பூல் இல்லை. நாங்கள் தங்கிய விடுதியில் டோஸ்டரில் ரொட்டி எகிறி விழுந்ததும் மகளும் நானும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டோம். மோர்கம், வைஸ் செய்த காலைச் சாப்பாட்டுக் காட்சி ஒன்று உண்டு, ஒரு வார்த்தை கிடையாது. ரேடியோவில் உடை அவிழ்க்கும் நடனத்துக்கான இசை வருகிறது, இருவரும் அந்தத் தாளத்துக்குச் சமைக்கிறார்கள். கிரேப்ஃபுரூட்டை வெட்டுவது ஒரு அடி, டோஸ்டரிலிருந்து எகிறுவதைப் பிடிப்பது ஒரு அடி, ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து சாஸேஜ் சரத்தை உருவுவது ஒரு அடி. பார்க்க விளையாட்டு மாதிரி இருக்கும். எர்னஸ்ட் மேக்ஸின் என்ற நடன அமைப்பாளர் இதற்கு ஒவ்வொரு அசைவையும் எண்ணி அமைத்திருக்கிறார். ரொட்டி ஒரு விநாடி தாமதமாக எகிறினால் எல்லாம் போச்சு. வாரக்கணக்கில் ஒத்திகை பார்ப்பார்கள் இவர்கள். அப்போதுதான் தோன்றியது போல எரிக் செய்வதெல்லாம் நூறு முறை செய்து பார்த்தது. எனக்கு அவர் மேல் இருக்கும் மரியாதைக்கு இதுதான் முக்கியக் காரணம்.

டவருக்கு எதிரே கடற்கரையில் 'காமெடி கார்ப்பெட்'. 2011-ல் திறந்த 2,200 சதுர மீட்டர் தரை, ஆயிரத்துக்கு மேற்பட்ட சிரிப்பு நடிகர்கள், எழுத்தாளர்களின் பெயர்களும் வசனங்களும் கிரானைட் எழுத்தாகப் பதித்தது. மக்கள் தலை குனிந்தபடி நடந்து நடந்து படித்துச் சிரிக்கிறார்கள். இந்த ஊர்க் கோடைக்கால மேடைகளில்தான் இவர்கள் தொழில் கற்றார்கள். ஒரே ஐட்டத்தைச் சீசன் முழுக்க, சிரித்துத் தீர்ப்பது என்று முடிவு செய்து வந்த கூட்டத்திடமும், குடித்துவிட்டு வந்து முறைக்கிற கூட்டத்திடமும் மாறி மாறிச் செய்தால் எங்கே நிறுத்துவது, எங்கே ஓட்டுவது என்று தானே தெரிந்துவிடும்.

ஆனால் தொலைக்காட்சி அவ்வளவு லேசில் பிடிபடவில்லை. 1954-ல் பிபிசியில் 'ரன்னிங் வைல்ட்' என்று முதல் தொடர், படுதோல்வி. தொலைக்காட்சிப் பெட்டி என்றால் மோர்கமையும் வைஸையும் புதைத்த பெட்டி என்று ஒரு பத்திரிகை எழுதியது. எரிக் அந்தத் துணுக்கை வெட்டிப் பர்ஸில் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் சுமந்தார். மேடைக்கே திரும்பிப் போய், 1961-ல் ஏடிவி என்ற தனியார் சேனலில் மறுபடி தொடங்கி, 1968-ல் பிபிசிக்கு வந்து, வந்த கொஞ்ச நாளிலேயே அந்த மாரடைப்பு. அது வரை அவர்களுக்கு எழுதியவர்கள் விலகிப் போய்விட்டார்கள். அப்போது வந்தவர் எடி பிரேபன், லிவர்பூல் மார்க்கெட்டில் காய்கறி, பழம் விற்றுக்கொண்டே ஜோக் எழுதியவர். அதுவரை எரிக் மடையன், எர்னி அவனை அதட்டுபவன், அவ்வளவுதான் சூத்திரம். இரண்டு பேரையும் நேரில் பார்த்த பிரேபனுக்கு அவர்களுக்குள் இருந்த பாசம்தான் கண்ணில் பட்டது. அதையே எழுதினார். ஒரே வீட்டில் குடியிருக்கும் இரண்டு நண்பர்கள், ஒரே கட்டிலில் படுத்துப் பேசிக்கொள்கிறவர்கள். கட்டில் என்றதும் எரிக் தயங்கினாராம். லாரல் ஹார்டியே செய்திருக்கிறார்களே என்றதும் சரி என்றார். எரிக் எர்னியை என்ன கேலி செய்தாலும் செய்யலாம், மூன்றாவது ஆள் ஒருவன் எர்னியைக் குறை சொல்லிவிட்டால் எரிக்குக்குப் பொறுக்காது. அந்த நூலிழைதான் 1970கள் முழுக்க இந்த நாட்டைக் கட்டிப் போட்டது.

மகள் கார்ப்பெட்டில் உட்கார்ந்து பையை வைத்துப் பயிற்சி. இப்போது சத்தம் தாமதம். "கல் எப்பவோ கீழ விழுந்துடுச்சும்மா" என்றேன். கோபம் வந்துவிட்டது.

ஐந்தாம் நாள் – ஹார்ப்பெண்டன்

நாள் முழுக்க ரயில். நடுவில் ஒரு இணைப்பு ரயில் கண் முன்னாலேயே போய்விட்டது, இரண்டு மணி நேரம் பிளாட்பாரத்தில். லண்டன் வந்து ஹார்ப்பெண்டன் சேரும்போது சாயங்காலம், மழை வேறு. எரிக் மனைவி ஜோனோடும் பிள்ளைகளோடும் வாழ்ந்த ஊர். பக்கத்து லூட்டன் டவுன் கால்பந்துக் குழுவுக்கு இயக்குநராக இருந்து, நிகழ்ச்சியில் சமயம் கிடைத்த போதெல்லாம் அதன் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பார். 2021-ல் ஊரில் ஒரு கலை அரங்கத்துக்கு எரிக் மோர்கம் சென்டர் என்று பெயர் வைத்தார்கள்.

1979-ல் இரண்டாவது மாரடைப்பு. ஹேர்ஃபீல்ட் ஆஸ்பத்திரியில் மக்தி யாக்கூப் பைபாஸ் செய்தார், அப்போது அது இன்றைப் போலச் சாதாரண விஷயம் இல்லை. நல்ல வேளை, இன்னும் ஐந்து வருடம் கிடைத்தது. ஓய்ந்து உட்கார்ந்திருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். தேம்ஸ் தொலைக்காட்சியில் 1983 வரை செய்தார். பழைய நிகழ்ச்சிகளைவிட அவை குறைந்தவை என்று சொல்வார்கள், அது உண்மைதான், மூச்சு வாங்குவது திரையிலேயே தெரிகிறது. எனக்கு அவற்றைப் பார்க்கவே மனம் வராது.

செயின்ட் நிக்கலஸ் தேவாலய வாசலில் மழைக்கு ஒதுங்கினோம். 1984 ஜூன் 4 அன்று இறுதிச் சடங்கு இங்கேதான், ஊரே வெளியே நின்றது. உள்ளே எர்னி எழுந்து 'பிரிங் மீ சன்ஷைன்' பாட்டின் வரிகளைப் பாடாமல் வாசித்தார்.

ஆறாம் நாள் – ட்யூக்ஸ்பரி

மே 28. திட்டமிட்டு வைத்ததில்லை, விடுமுறை நாள் அப்படி அமைந்தது.

செல்ட்டனம் வரை ரயில், அங்கிருந்து பஸ். செவர்ன், ஏவன் இரண்டு ஆறுகளும் சேரும் இடத்தில் மரச் சட்டம் போட்ட பழைய வீடுகளோடு ஒரு சிறு நகரம். ரோசஸ் தியேட்டர் ஒரு ஓரமாக இருக்கிறது, 1975-ல் திறந்தது, பெரிய கம்பீரம் எதுவும் இல்லாத கட்டிடம். இரண்டு கோடிப் பேருக்கு மேல் உட்கார்ந்து ரசித்த ஒரு நடிகர் கடைசியாக ஆடியது இந்தச் சின்ன மேடையில்.

1984 மே 27, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. பழைய நண்பர் ஸ்டான் ஸ்டென்னெட் கூப்பிட்டார் என்று வந்தார். எர்னி இல்லை. வேஷம் இல்லை, நாடகம் இல்லை, ஸ்டான் கேட்கக் கேட்கத் தன் வாழ்க்கையைச் சொல்லிக்கொண்டிருந்தால் போதும். அம்மா சேடி, மோர்கம், சுரங்கம், எர்னி எல்லாம். அவர் மனைவி ஜோன் பார்வையாளர் வரிசையில். இதற்கு ஆறு வாரம் முன்னால்தான் இவர்களைப் போலவே சிரிப்பு நடிகரான டாமி கூப்பர் நேரடி ஒளிபரப்பின் நடுவில் மேடையிலேயே விழுந்து இறந்திருந்தார்.

பேச்சு முடிந்தது, கைதட்டல், எரிக் உள்ளே போய்விட்டார். அதோடு முடிந்திருக்க வேண்டும். இசைக்குழுவினர் மேடைக்குத் திரும்பி வந்து வாத்தியங்களை எடுத்தார்கள். அதைப் பார்த்தவர் மறுபடி ஓடி வந்தார். இந்த வாத்தியத்தில் கொஞ்சம், அந்த வாத்தியத்தில் கொஞ்சம் என்று ஓடி ஓடி வாசித்தார், கூட்டம் விடவில்லை, ஆறு முறை திரும்பத் திரும்ப மேடைக்கு வந்தார். கடைசியில் 'அவ்வளவுதான் உங்களுக்கு' என்று சொல்லிவிட்டுத் திரையின் பக்கவாட்டுக்குள் போனவர் அங்கேயே சாய்ந்தார். விடிவதற்கு முன்னால் செல்ட்டனம் ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது. 58 வயது.

மகளிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்று யோசித்துத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எர்னி என்ன பண்ணினார்?" என்றாள். எர்னி தனியாக நாடகங்களில் நடித்தார், 1985 புத்தாண்டு அன்று லண்டன் செயின்ட் கேத்தரின் டாக்கிலிருந்து பிரிட்டனின் முதல் பொது மொபைல் அழைப்பைச் செய்தவர் அவர்தான், 1999 வரை இருந்தார் என்றேன். "யார் கூடப் பேசினார்?" நியூபரியில் இருந்த வோடஃபோன் என்ற மொபைல் கம்பெனியின் ஆபீஸோடு. "எரிக் இருந்திருந்தா அவருக்குத்தான் பண்ணியிருப்பார்" என்றாள்.

பஸ்ஸுக்கு இருபது நிமிடம் இருந்தது. தூறல் விட்டிருந்தது. நிறுத்தத்தில் ஒரு பாட்டியம்மா மட்டும் சாமான் பையோடு. மகள் கசங்கிப் போன அந்த டோனட் பையை எடுத்துத் தட்டி நீவினாள். கட்டைவிரல் உள்ளே, நடுவிரல் வெளியே. எறிந்தாள். கண்ணைக் கல்லோடு மேலே அனுப்பினாள், நிழற்குடைக் கூரைக்கும் மேலே, இன்னும் மேலே, கழுத்து பின்னுக்கு வளைந்தது, கல் அங்கேயே நின்றுவிட்டதோ என்று எனக்கே ஒரு சந்தேகம் வந்தது, அப்புறம் மெதுவாகக் கண் இறங்க ஆரம்பித்தது, பையைக் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தினாள்.

டப்.

பாட்டியம்மா சாமான் பையைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார்.